வேறு இடம் பார்த்தீர்களா?

ராயகிரியிலிருந்து மேற்கே போக ரோடு கிடையாது. தோட்டத்து வரப்பில் நின்று பார்த்தால் மலை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அந்தப் பக்கம் போக வேண்டுமானால் தெற்கே வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று இறங்கி, செங்கோட்டை தாண்டி, புளியரை வளைவுகளில் ஏறி, ஆரியங்காவு கணவாய் வழியாகத்தான் கேரளத்துக்குள் நுழைய முடியும். ஆகவே இந்தப் பக்கத்துப் பெரிய சாலைகள் எல்லாம் மலையடிவாரத்தை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுகின்றன. தண்ணீரோ மேற்கிலிருந்து கிழக்காக வருகிறது. மலையில் பிறந்து, ஓடையாக இறங்கி, வரத்துக்காலில் திரும்பி, குளத்தில் சேர்ந்து, மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. எந்தச் சாலையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது ஏதோ ஒரு தண்ணீரை வெட்டியே தீரும். இது எனக்கு வக்கீல் தொழிலில் சேர்ந்த நாளில் தெரியாது. ஒரு கட்சிக்காரர் சொல்லிக் கொடுத்தார்.

அவர் ராயகிரிக்காரர். பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம், நான் அப்படித்தான் கூப்பிடுவேன். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் எலுமிச்சை. காய் புளியங்குடி கமிஷன் கடைக்குப் போகும். நடுவில் அவருடைய தாத்தா வெட்டிய கமலைக் கிணறு. மலையடிவாரச் சாலை ஒன்றை நேராக்கி அகலப்படுத்த மாநில அரசு நிலம் எடுத்தபோது, புதிய வரைபடத்தின் கோடு அந்தக் கிணற்றின் மேலேயே போயிற்று. நோட்டீஸ் தாத்தா பெயருக்கு வந்தது. தாத்தா இறந்து பல காலம், பட்டா மாற்றவில்லை. கையெழுத்து வாங்க ஆளில்லாமல் அது ஊரைச் சுற்றிவிட்டு, ஆட்சேபணைக் கெடு முடியும் தறுவாயில் இவர் கைக்கு வந்தது.

"ரோடு வேண்டாம்னு சொல்லல வக்கீலய்யா. எங்க லாரியும் அதுலதான போகணும். கெணத்து மேலதான் வரணுமான்னு கேக்கேன். வேற எடம் பாத்தாங்களா?"

நியாயமான கேள்வி. சட்டத்திலும் அதே கேள்வி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டம், 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 4-ஆவது பிரிவு சமூகத் தாக்க மதிப்பீடு பற்றியது. எடுக்கும் நிலம் அத்தியாவசியத் தேவைக்கு மிகாமல் இருக்கிறதா, வேறு இடத்தில் எடுப்பது பரிசீலிக்கப்பட்டு இயலாது என்று கண்டறியப்பட்டதா என்று அந்த மதிப்பீட்டில் பார்த்தாக வேண்டும். அண்ணாச்சி கேட்டதை நாடாளுமன்றம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது என்று சொல்லலாம்.

ஆனால் அந்தப் பிரிவு நம் ஊர்ச் சாலைக்குப் பொருந்தாது. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 என்று தனியாக ஒன்று உண்டு. அதன் 15-ஆவது பிரிவின்படி, ஏன் எடுக்கக் கூடாது என்று நில உரிமையாளரிடம் விளக்கம் கேட்டு, விசாரித்து, அரசிதழில் அறிவித்தால் போதும். மத்தியச் சட்டம் வந்த பிறகும் இந்த வழிமுறை தொடர வேண்டும் என்பதற்காக அந்தச் சட்டத்திலேயே 105-ஏ என்ற பிரிவைத் தமிழக அரசு சேர்த்துக்கொண்டது. பணம் புதிய சட்டப்படி, நிலம் எடுக்கும் முறை பழைய சட்டப்படி. தேசிய நெடுஞ்சாலைக்கும் கதை ஏறத்தாழ இதுதான். மத்தியச் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டமும் இருப்பதால் அங்கேயும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம், அவ்வளவே. கொல்லம்–திருமங்கலம் சாலையை, அதாவது முன்பு 208 என்றும் இப்போது 744 என்றும் எண் கொண்ட தேசிய நெடுஞ்சாலையை, நான்குவழியாக்கும் திட்டத்தில் எங்கள் பக்கத்து விவசாயிகள் விளைநிலத்தை விட்டு மாற்றுப்பாதையில் போகச் சொல்லிப் பல முறை போராடினார்கள். அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான்.

விசாரணைக்குப் போனோம். அண்ணாச்சி எழுதிக் கொடுத்த ஆட்சேபணையில் ஒரு மாற்று இருந்தது. கிணற்றுக்குக் கிழக்கே ஓடைப் புறம்போக்கும் அதை ஒட்டிக் கொஞ்சம் தரிசும் உண்டு. கோட்டை அந்தப் பக்கம் சாய்த்தால் கிணறு பிழைக்கும். புலப்படத்தின் நகலில் பென்சிலால் அவரே வரைந்திருந்தார். நல்ல வரைபடம். சர்வேயர் பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார். கேட்டுக்கொண்டார்கள், பதிவு செய்தார்கள். பின்னர் வந்த உத்தரவில், ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டது, பொதுநலன் கருதி நிராகரிக்கப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது. எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. அந்த ஒரு வரியை நான் வேறு பல கோப்புகளிலும் எழுத்து மாறாமல் பார்த்திருக்கிறேன்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டோம். அது நிலுவையில் இருக்கும்போது 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பைச் சொன்னது. மத்தியச் சட்டத்துக்கு முரணானவை என்பதால் தமிழ்நாட்டின் மூன்று நிலம் எடுப்புச் சட்டங்களும் உயிரிழந்தன, 105-ஏ அவற்றைக் காப்பாற்றாது என்றது. மூன்றில் ஒன்று நெடுஞ்சாலைகள் சட்டம். நிலத்தை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டிருந்தால் ஒழிய, அவற்றின்படி எடுத்தது செல்லாது. செய்தி வந்த பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி வந்தார். ஜெயித்துவிட்டோமா என்று கேட்டார். பொறுங்கள் என்றேன். அரசு சும்மா இருக்காது என்பது எந்த வக்கீலுக்கும் தெரியும்.

இருக்கவில்லை. அந்த மூன்று சட்டங்களுக்கும் மீண்டும் உயிர் கொடுத்து, 2013 செப்டம்பர் 26 முதல் அமலில் இருந்ததாகவே கருதும் ஒரு சட்டத்தைச் சட்டமன்றம் இயற்றியது. 2019 டிசம்பர் 2 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், நவம்பர் 22-இல், திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்திருந்தது. எந்தக் கோப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று தேடுவதே அந்த மாதங்களில் தனி வேலை. புதிய சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஜி. மோகன் ராவ் வழக்கில் 2021 ஜூன் 29 அன்று தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்றம் கண்ட குறையை முன்தேதியிட்டு நீக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அரசியலமைப்பின் 254(2) பிரிவின்படி பெற்ற ஒப்புதலும் சரியானது என்று கூறி, அந்தச் சட்டம் செல்லும் என்றார்கள். சட்டக் கண்ணோடு பார்த்தால் அந்தத் தீர்ப்பில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மத்தியச் சட்டம் விவசாயிக்குத் தந்த ஒரு கேள்வி மட்டும் எங்கள் மாநிலச் சாலைகளில் இல்லாமல் போனது.

எங்கள் மனு கடைசியில் விசாரணைக்கு வந்தபோது மிச்சமிருந்தது பாதை பற்றிய வாதம் மட்டும். அதற்கும் எதிரே ஒரு சுவர் நின்றது. கர்நாடகத்து குசலா ஷெட்டி வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் தொழில்நுட்ப அறிவு நீதிமன்றங்களுக்குக் கிடையாது, அது வல்லுநர்களின் வேலை என்று சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் நீட்டியது.

கூடவே ஒரு எதிருறுதி ஆவணமும் தாக்கல் செய்தார்கள். அண்ணாச்சியின் பென்சில் கோட்டுக்கு முதன்முதலாகப் பதில் அதில்தான் இருந்தது. கோட்டைக் கிழக்கே சாய்த்தால் கீழ்க்குளத்துக்குப் போகும் வரத்துக்காலை இரண்டு இடங்களில் வெட்ட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் ஓடைநீர் சாலைக்கு மேலே தேங்கும். குளத்துக்குக் கீழே உள்ள நஞ்சை காயும். பொறியாளர் மட்டம் பிடித்த எண்களோடு எழுதியிருந்தார். படித்ததும் எனக்கே அது சரி என்று பட்டது. மதுரையில் நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அண்ணாச்சிக்கு அதைத் தமிழில் விளக்கிச் சொன்னேன். வெகுநேரம் யோசித்தார்.

"அந்தக் கொளத்துத் தண்ணிய நம்பி அம்புட்டு சனம் இருக்கு. இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மருதைக்கு வந்திருக்கவே மாட்டேனே வக்கீலய்யா."

மாற்று இடத்தை நிஜமாகவே பார்த்திருக்கிறார்கள். காரணமும் நல்ல காரணம். அதைக் கேட்டவனிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சொல்லியாக வேண்டும் என்ற சட்டமும் அந்தச் சாலைக்கு இல்லை. சமூகத் தாக்க மதிப்பீடு வந்தால் வேலை தாமதமாகும் என்பதுதான் விலக்குக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இந்த வழக்கில் தாமதம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

மனு தள்ளுபடி ஆயிற்று, இழப்பீட்டை எதிர்த்துப் போக உரிமை விட்டுவைத்தார்கள். அங்கே இரண்டு சண்டை. கிணற்றுக்கும் மரங்களுக்கும் முதலில் போட்ட தொகை மிகக் குறைவு. அ-பதிவேட்டில் புஞ்சை என்றிருந்ததால் தரையின் மதிப்பையும் மானாவாரிக் கணக்கில் போட்டிருந்தார்கள். அடங்கலையும் கிணற்று மின் இணைப்பு ரசீதுகளையும் காட்டினோம். இரண்டாவது, 2013 சட்டத்தின் முதல் அட்டவணைப்படி ஊரகப் பகுதியானால் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்கலாம், நகர்ப்புறமானால் 1 மட்டுமே. ராயகிரி பேரூராட்சி என்பதால் நகர்ப்புறம் என்றார்கள். சுற்றிலும் தென்னையும் கரும்பும் நிற்கிற இடத்தை நகரம் என்று சொல்வதை எதிர்த்து நான் வெகுநேரம் வாதாடினேன்.

கிணற்றுக்கும் மரங்களுக்கும் தொகை கூடியது. பாசன நிலம் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். நகர்ப்புறம் என்ற முடிவு மாறவில்லை. வந்த பணத்தில் அண்ணாச்சி மிச்ச நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார், தாத்தா பெயரிலிருந்த மற்ற சர்வே எண்களுக்கும் பட்டா மாற்றிக்கொண்டார். மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இந்தக் கடைசி வேலையையாவது நோட்டீஸ் வருவதற்கு முன்பே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.