எங்க டிரம் செட்டுக்கு முப்பது வயசு

மறுதாம்புக் கரும்பைப் பத்தி எழுதுறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். அதுக்குள்ள எங்க ஊர்ல மே 1 அன்னைக்கு ஒரு விசேஷம் நடந்துபோச்சு. அதை ஆறிப்போறதுக்குள்ள எழுதிடறேன்.

புதுசா படிக்க வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. நெல்லிக்குப்பம்னு சொன்னா மெட்ராஸ்ல பாதிப்பேரு "நெய்வேலி பக்கமா?"ன்னு கேக்கறாங்க. நெய்வேலி எங்களுக்குத் தென்மேற்கே இருக்கு, அது நிலக்கரி ஊரு. நாங்க கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவுல, கரும்பு ஊரு. பாரி கம்பெனி 1842லயே இங்க சர்க்கரை ஆலை வெச்சிட்டாங்க. கட்டிங் ஆர்டர் வந்தா வெட்டு, வரலைன்னா காத்திருப்பு, எங்க வருஷமே அப்படித்தான் ஓடும். வடக்கே தென்பெண்ணை, இந்தப் பக்கம் கெடிலம். ரெண்டு ஆத்துக்கும் நடுவுல இருக்கற சின்னச் சின்ன ஊர்கள்ல ஒண்ணுதான் நம்மளோடது. கோயில் தெரு ஒண்ணு, மாதா கோயில் ஒண்ணு, அதைச் சுத்தி எங்க வீடுங்க.

1995ல எங்க பங்கு இளைஞர்கள் பதினோரு பேரு சேர்ந்து டிரம் செட் ஆரம்பிச்சோம். சைடு டிரம் நாலு, பாஸ் டிரம் ஒண்ணு, ஜால்ரா ரெண்டு ஜோடி. எல்லாம் பழசு. கடலூர்ல ஒரு பேண்டு கம்பெனி கடையை மூடும்போது எடுத்தது. பணம் சாமியார் குடுத்ததுன்னு ஊர்ல இன்னமும் பேசிக்கறாங்க, அது உண்மையில்ல. அவரு முன்பணம்தான் குடுத்தாரு. மிச்சம் முழுக்க அந்த வருஷக் கரும்பு வெட்டுல வாரத்துக்கு ஒரு நாள் கூலியைத் தனியா எடுத்து வெச்சு நாங்க அடைச்சது. நான் பாஸ் டிரம். உயரமா இருந்ததால குடுத்தாங்களே தவிர, தாளம் தெரியும்னு இல்ல.

ஏன் டிரம் செட்? இதைச் சொல்லாம மேல போனா மத்தது எதுவும் புரியாது.

எங்க அப்பா காலத்துல ஊர்ல யாரு செத்தாலும் எங்க ஆளுங்கதான் மேளம் அடிக்கணும். நீங்க பறைன்னு சொல்றதை எங்க பக்கம் மேளம்னும் தப்புன்னும்தான் சொல்லுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் வந்து தெருமுனையில நின்னு கூப்பிடுவான். உள்ள வர மாட்டான். போகணும். பிணம் எடுக்கற வரைக்கும் அடிக்கணும். சாராயமும் கொஞ்சம் நெல்லும்தான் கூலி. ஞானஸ்நானம் வாங்கி நாலு தலைமுறை ஆச்சு, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறோம், ஆனா இது மாறல. (இன்னொரு வேடிக்கை: 1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவனா இருந்தா பட்டியல் சாதி கிடையாது. சர்க்கார் காகிதத்துல நாங்க வேற, தெருமுனையில நின்னு கூப்பிடறவனுக்கு நாங்க அதேதான்.)

எண்பதுகள் கடைசியில இளவட்டங்க "இனிமே அடிக்க மாட்டோம்"னு நின்னாங்க. தமிழ்நாட்டுல பல இடத்துல அப்ப நடந்ததுதான். எங்க ஊர்லயும் நடந்துச்சு. ரெண்டு மாசம் ஒருத்தரும் எங்களை வேலைக்குக் கூப்பிடல. ஆடு மாடு வரப்புல மேயக்கூடாதுன்னாங்க. எங்க சித்தப்பாதான் அதுல முன்னாடி நின்னவரு. தன்னோட பறையைத் தானே கொண்டுபோய் கெடிலத்துல விட்டுட்டு வந்தாரு. அவருக்கு இப்ப எண்பது வயசு.

அதுக்கு அப்புறம் ஏழெட்டு வருஷம் எங்க தெருவுல தோல் சத்தமே இல்ல. தேர் பவனிக்குக்கூட ஸ்பீக்கர் செட்டுதான். அந்த வெறுமையில வந்ததுதான் டிரம் செட்டு. ராணுவ பேண்டுல இருந்து ரிட்டையர் ஆன ஒருத்தர் சைக்கிள்ல வந்து சொல்லிக்குடுத்தாரு. மொதல் ரெண்டு வாரம் டிரம்மையே தொட விடல. பள்ளிக்கூடத்து பெஞ்சு மேல குச்சியால ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நடந்துகிட்டே எண்ணணும். இடது கால் விழறப்ப பாஸ் டிரம் விழணும், இல்லன்னா மொத்தக் கூட்டமும் நொண்டும். சைடு டிரம்முக்கு அடித்தோல்ல ஒரு கம்பிச் சரம் இருக்கும், அதுதான் அந்த 'சர்ர்ர்' சத்தத்தைக் குடுக்கும். உருட்டு வாசிக்கறதுக்கு ஒவ்வொரு கையும் ரெண்டு ரெண்டு அடி விழணும். கரும்பு வெட்டி மரத்துப்போன கைக்கு அது சுலபத்துல வராது. வந்துட்டா போகவும் போகாது.

இதுல முக்கியமான ஒண்ணு இருக்கு. பறைக்கு நெருப்பு வேணும். வேப்பமரத்துல மூணு துண்டு சேர்த்து வட்டம் கட்டி, புளியங்கொட்டைப் பசையால தோலை ஒட்டியிருப்பாங்க. பனி பட்டா தோல் தொய்ஞ்சிடும். அடிக்கறதுக்கு முன்னாடி வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சணும். வைக்கோல் யாருகிட்ட இருக்கு? செத்த வீட்டுக்காரங்ககிட்ட. வாசலுக்கு வெளிய நின்னு கேக்கணும். டிரம்முக்கு பிளாஸ்டிக் தோல். மழையோ பனியோ, ஒரு சாவி வெச்சு முறுக்கினாப் போதும். யாருகிட்டயும் எதுவும் கேக்க வேணாம். நாங்க அந்த டிரம்மை ஏன் அவ்வளவு ஆசையா துடைச்சு வெச்சோம்னு நகரத்துல இருக்கறவங்களுக்குப் புரியணும்னுதான் இதைச் சொல்றேன்.

மூணாவது வருஷம் ஊர்க்காரங்களே கல்யாண ஊர்வலத்துக்குக் கூப்பிட்டாங்க. வெள்ளைச் சட்டை, தோள்ல சிவப்புப் பட்டை, பேசின தொகை, நாற்காலி, காபி. முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்ட அதே வீடு. எங்கள்ல ஒருத்தன் அந்தக் காபியைக் குடிக்கவே இல்ல, ஆற வெச்சிட்டு வந்தான். நான் குடிச்சேன். நல்லா இருந்துச்சு.

கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலுக்கு, வீரமாமுனிவர் கட்டினதுன்னு படிச்சிருப்பீங்களே அதுக்கு, ரெண்டு வருஷம் போய் வாசிச்சோம். அப்புறம் எல்லா செட்டுக்கும் ஆகறதுதான் எங்களுக்கும் ஆச்சு. ஒருத்தன் திருப்பூரு, ரெண்டு பேரு நெய்வேலியில கான்ட்ராக்ட் வேலை, ஒருத்தன் குவைத்து. 2011 டிசம்பர் 30ந்தேதி தானே புயல் அடிச்சு பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சப்ப மிச்சம் இருந்தவங்களும் வேலை தேடிக் கிளம்பிட்டாங்க. டிரம்மெல்லாம் கோயில் பின்கட்டு அறையில கிடந்துச்சு. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்குச் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பொங்கினப்ப அந்த அறையில இடுப்பளவு தண்ணி. நாலு சைடு டிரம்ல ரெண்டு ஓடு பிளந்துபோச்சு. பாஸ் டிரம் மட்டும் மிதந்ததால தப்பிச்சுது.

வெள்ளத்துக்கு அப்புறம் அறையைக் கழுவிவிட்டப்ப எடுத்த போட்டோவை ஒருத்தன் வாட்ஸப்ல போட்டான். அதுல ஆரம்பிச்சதுதான் இந்த முப்பதாம் வருஷம் கூடலாம்ங்கற பேச்சு. மே 1 தொழிலாளரான சூசையப்பர் திருநாள், லீவும் கூட. பதினோரு பேர்ல ரெண்டு பேரு இல்ல. குவைத்துக்காரன் போன்ல வந்தான். மிச்சம் எட்டு பேரும் வந்துட்டாங்க. ஆளுக்கு ஆயிரம் போட்டோம். காலையில பூசை, அப்புறம் பழையபடி கோயிலைச் சுத்தி ஒரு ரவுண்டு அடிக்கறது, மதியம் சாப்பாடு. இதான் திட்டம்.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, எங்க பசங்ககிட்ட.

எங்க பசங்கன்னா நிஜமாவே எங்க பசங்க. கடலூர்லயும் சிதம்பரத்துலயும் காலேஜு படிக்கறவங்க. அவங்க ஆறு பேரு ஒரு பயிற்சி முகாம்ல பறை கத்துக்கிட்டிருக்காங்க. அதுல ரெண்டு பொண்ணுங்க, ஒண்ணு என் அண்ணன் மக. "பெரியவங்க டிரம் அடிங்க, கடைசியில நாங்க பறை அடிக்கறோம்"னாங்க. எங்க செட்டுக்குள்ளயே அதுக்கு ரெண்டு கட்சி ஆகிப்போச்சு.

திருப்பூர்க்காரன் சொன்னான்: "எதை விடறதுக்கு நம்மப்பனுங்க ரெண்டு மாசம் பட்டினி கிடந்தாங்களோ அதையே கோயில் வாசல்ல கொண்டாந்து வெப்பீங்களா?"

அண்ணன் மக விடல. "மாமா, இந்த வருஷம் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ குடுத்திருக்காங்க. பறைக்குத்தான் குடுத்தாங்க. திண்டுக்கல்ல சிஸ்டர் சந்திரா சக்தி கலை மையம் வெச்சு எத்தனை வருஷமா பொண்ணுங்களுக்குக் கத்துக்குடுக்கறாங்க, அவங்க கன்னியாஸ்திரிதானே? தொல்காப்பியத்துல ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை சொல்லியிருக்கு. நீங்க விட்டது சாவுக்கு அடிமையா அடிக்கறதை. பறையை இல்ல."

"தொல்காப்பியர் தெருமுனையில நின்னு கூப்பிட்டாரா?"ன்னான் அவன். சிரிப்பு வந்துச்சு, ஆனா யாரும் சிரிக்கல.

எனக்கு மனசு பசங்க பக்கம்தான். கேக்கறது அவங்க ஆசைப்பட்டுக் கேக்கறது, யாரும் கூப்பிட்டு இல்ல. ஆனா திருப்பூர்க்காரன் சொன்னதையும் ஒதுக்க முடியல. விருது டெல்லியில குடுக்கறாங்க. பக்கத்து ஊருங்கள்ல இன்னைக்கும் சாவுக்கு யாரை எப்படிக் கூப்பிடறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். 'காலனி'ங்கற சொல்லையே அரசுப் பதிவுகள்ல இருந்து எடுக்கப்போறோம்னு முதல்வர் சட்டசபையில சொன்னது ஏப்ரல் 29. எங்க கூட்டம் அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு. அன்னைக்குக் காலையில கூட பஸ்ல இருந்து இறங்கின எங்க விருந்தாளிக்கு "காலனியா, அப்படிப் போ"ன்னுதான் வழி சொல்லியிருக்காங்க.

கடைசியில முடிவை சித்தப்பாகிட்ட விட்டோம். அவரு, "அடிக்கறவங்க அடிக்கட்டும். நான் கேக்க மாட்டேன்"னாரு. அவ்வளவுதான்.

டிரம் ரவுண்டைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு டிரம் இரவல். வயிறு பெருத்துப்போய் பட்டை யாருக்கும் சேரல. உருட்டு முதல் சுத்துல நொண்டிச்சு, ரெண்டாவது சுத்துல வந்துடுச்சு. செத்துப்போன ரெண்டு பேரோட இடத்தை வரிசையில காலியா விட்டு நடந்தோம். அவங்க வீட்டம்மாக்கள் ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து பாத்துகிட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் திரும்பாம நடந்தேன்.

பசங்க முறை வந்துச்சு. கோயிலுக்கு எதிர்ல தரையில வைக்கோல் கொளுத்தினாங்க. எங்க வயல் வைக்கோல், நான்தான் ஒரு கட்டு குடுத்தேன். பறையைக் காய்ச்சி, விரலால தட்டிப் பாத்து, இடது கையில நீளமான மூங்கில் குச்சி, வலது கையில குட்டையான பூவரசங் குச்சி. மொத அடி விழுந்ததும் சித்தப்பா எழுந்திரிச்சாரு. துண்டை உதறித் தோள்ல போட்டாரு. கம்பை ஊணிக்கிட்டு வீட்டைப் பாத்து நடந்துட்டாரு. யாரும் தடுக்கல. பசங்களும் நிறுத்தல. நிறுத்தணும்னு நான் நினைக்கவும் இல்ல. திருப்பூர்க்காரன் கடைசி வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டான். குவைத்துக்காரன் போன்ல கிடந்து கத்தறான், சத்தம் சரியா கேக்கல, கிட்ட வெய்யின்னு.

மதியச் சாப்பாட்டுக்கு சித்தப்பா வரல. அண்ணன் மகளே தூக்குவாளியில பிரியாணி எடுத்துக்கிட்டுப் போச்சு. போயிட்டு வந்து சொன்னது இது. வாளியை வாங்கி வெச்சிட்டு, ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, கேட்டாராம்:

"என்னா குடுத்தாங்க?"

"யாரும் எதுவும் குடுக்கல தாத்தா. பறை வாங்கினதே எங்க காசுல."

"வைக்கோலு?"

"சித்தப்பா வயல்ல."

"சரி, போ. வாளியை அப்புறம் அனுப்பறேன்."

அடுத்த நாள் வாளியைக் கழுவி அனுப்பிட்டாரு. அதுக்கு மேல இதைப் பத்தி அவர் ஒண்ணும் பேசல, நானும் கேக்கல.

செலவு போக நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம் இருக்கு. பிளந்த ரெண்டு டிரம்முக்கும் ஓடு மாத்தலாமா, இல்ல பசங்க கேக்கற மாதிரி இன்னும் ரெண்டு பறை வாங்கலாமான்னு குரூப்ல ஓட்டு நடக்குது. நேத்து வரைக்கும் நாலுக்கு நாலு. குவைத்துக்காரன் ஓட்டு இன்னும் வரல, அங்க அவனுக்கு நைட் ஷிப்ட்டு. மறுதாம்புக்குக் கட்டை சீவற வேலை காலையில இருக்கு, மிச்சம் அடுத்த வாரம்.