ஜின்னா மைதானம்

சோனகத் தெருப் பிள்ளைகளான எங்களுக்கு யாழ்ப்பாணம் ஐந்து சந்தியிலிருந்துதான் தொடங்கும். அஸர் தொழுகை முடிந்ததும் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு ஓடுவோம். மஃரிப் பாங்கு கேட்கும்வரை பந்துதான். அதுக்குப் பிறகும் நின்றால் உம்மாவின் குரல் ஒழுங்கை முடக்குவரை வந்துவிடும்.

வாப்பாவுக்குப் பெரிய கடைப் பக்கம் தையல்கடை. தீபாவளி, தைப்பொங்கல் வந்தால் மெசின் இரவிரவாக ஓடும். தைக்கக் கொடுத்தவர்கள் உடுப்பு எடுக்க வரும்போது அரியதரமும் பயத்தம் பணியாரமும் கொண்டுவருவார்கள். பெருநாளைக்கு அவர்கள் வீடுகளுக்கு உம்மா வட்டிலப்பம் கொடுத்துவிடுவா. கிண்ணங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. யார் வீட்டுப் படலையையும் தயங்காமல் திறந்து உள்ளே போவேன்.

கடை பூட்டியபின் பொது நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகை வாசிப்பது ஒரு காலத்தில் வாப்பாவின் வழக்கம். 1981 மே 31 இரவு அதற்கு நெருப்பு வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. நான் அப்போது கைக்குழந்தை. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வாப்பா “எங்கட லைப்ரரி” என்றுதான் சொல்வார்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. வீட்டுக்கு ஒருவர் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று விடுதலைப் புலிகள் இயக்கத்தின் ஒலிபெருக்கி அறிவித்தது. வாப்பா போனார். திரும்பி வந்தவர், “இரண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிடட்டாம்” என்றார். உலையில் போட்ட அரிசியை உம்மா அப்படியே விட்டா. ஐந்து சந்தியில் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். உம்மம்மாவின் காதுத் தோட்டைக் கழற்றச் சொன்ன பொடியன் எங்கள் பேச்சையே பேசினான். பக்கத்து ஒழுங்கையில் இருந்த தமிழ் அம்மா ஒருவர் அழுதபடி ஓடிவந்து பாண் பொதியொன்றை என் கையில் திணித்தா. அந்த மாதம் வடமாகாணத்திலிருந்து இப்படித் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர்.

புத்தளத்தில் அகதி முகாம், கிடுகுக் கொட்டில், தண்ணீருக்கு வரிசை. இரவல் மெசினொன்றில் வாப்பா மறுபடியும் தைக்கத் தொடங்கினார். இரவில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒருவர் ‘ஐந்து சந்தி’ என்றால் அடுத்தவர் ‘பெரிய கடை’ என்பார். அப்படியே பஸ் நிலையம், மணிக்கூட்டுக் கோபுரம், முற்றவெளி. இடம் ஒன்றைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. முகாமில் பிறந்த தம்பியும் ஒருநாளும் காணாத அந்த வழியைப் பிழையில்லாமல் சொன்னான்.

2002இல் ஏ-9 பாதை திறந்ததும் வாப்பாவுடன் போனேன். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, நிலைகளும் இல்லை. குசினிக்குள் மரம் வளர்ந்திருந்தது. பெரிய கடையில் தேத்தண்ணி கொடுத்த இளைஞன், “எங்கயிருந்து வாறியள் ஐயா?” என்று மரியாதையாகத்தான் கேட்டான். இருபது வருடத்துக்கு மேலாக அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர் வாப்பா. “இங்கத்த ஆள்தான் தம்பி” என்றார். அவனுக்கு விளங்கவில்லை. அவன் மேல் பிழையில்லை. நாங்கள் போன பிறகு வளர்ந்த பிள்ளை அவன். எங்களைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நூலகம் எரிந்த கதையைக் கேட்டுத்தான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஜின்னா மைதானத்தில் நடந்ததையும் அவர்கள் கேட்டு வளரவேண்டும். நூலகத்தை இழந்ததில் வாப்பாவுக்கும் பங்குண்டு. எங்களை அனுப்பியதில் அந்த நகரமும் தன் மக்களை இழந்தது. இரண்டையும் ஒரே ஊரின் துயரமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் யாழ்ப்பாணத்துக்குத்தான் நாங்கள் முழுதாகத் திரும்ப முடியும்.