செட்டிக்குளத்து மேடை

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரி மலையில்தான் ஏறுகிறார்கள். கல்யாண மகால், களஞ்சியம், உச்சி எல்லாம் பார்த்து இறங்குவதற்குள் கால் ஓய்ந்துவிடும். செட்டிக்குளத்துக் கரைப் பக்கம் திரும்பத் தெம்பிருக்காது. அங்கே ஒரு மேடை இருக்கிறது. 22 வயதில் போர்க்களத்தில் விழுந்த தேசிங்கு ராஜனின் உடல் எரிந்த இடம் அதுதான் என்று ஊரார் காட்டுகிறார்கள். அவனுடைய இளம் மனைவியும் அதே தீயில் இறங்கினாளாம். அதைப் பெருமை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெண்ணும் வாழ வேண்டிய வயதுக்காரிதான். ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அவள் நினைவாக ஆற்காட்டு நவாப் வைத்தது என்று சொல்வார்கள்.

இந்தக் கோட்டைக்காக மோதியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டு மொகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்தார். 1698இல்தான் கோட்டை விழுந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள். இத்தனை பேரில் செஞ்சி என்றதும் தமிழர் வாயில் முதலில் வருகிற பெயர், ஏறக்குறைய பத்தே மாதம் ஆண்ட ஒரு பையனுடையது.

அவன் இந்த மண்ணில் பிறந்தவனும் அல்ல. அப்பா சொரூப்சிங் வடக்கே புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரர்; மொகலாயப் பாதுஷா ஔரங்கசீப் அவரைச் செஞ்சிக்குக் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, அனுப்பினார். 1714இல் அவர் இறந்ததும் மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றான். நம் மக்கள் வாயில் அவன் தேசிங்கு ஆனான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பழைய கப்பப் பாக்கியைக் கேட்டார். ஔரங்கசீப் எழுதிக்கொடுத்த உரிமை என் அப்பாவுடையது, இப்போது என்னுடையது என்றான் இவன். டில்லியில் பாதுஷா மாறிவிட்டார், புது உத்தரவு வாங்காமல் அது செல்லாது என்றது நவாப் தரப்பு. சட்டப்படி நவாபின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 22 வயதுக்காரனுக்கு அது அப்பாவின் பெயரை அழிக்க வந்த பேச்சாகத்தான் கேட்டிருக்கும்.

1714 அக்டோபர் 3. கடலி கிராமத்துக்குப் பக்கத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் சண்டை. கோட்டைக்குள் இருந்தபடியே பல மாதம் தாக்குப்பிடித்திருக்கலாம். ராஜாராம் அப்படித்தான் பிழைத்தார். தேசிங்கு சில நூறு குதிரை வீரர்களோடு வெளியே வந்து, தன்னைவிடப் பல மடங்கு பெரிய படைக்குள் பாய்ந்தான். அன்றைக்கே மாண்டான்.

கிளம்புமுன் சிங்கவரம் குடைவரைக் கோயிலுக்குப் போய் ரங்கநாதரிடம் விடை கேட்டான் என்பது இந்தப் பக்கத்துக் கதை. போகாதே என்பதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கிடந்த கோலத்தில் இருக்கும் அந்தப் பெரிய திருமேனியின் தலை ஒருக்களித்திருப்பதைக் காட்டி, இன்றும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, சாமியே அந்தப் பிள்ளையைத் தடுத்திருக்க வேண்டும் என்று ஊர் ஆசைப்பட்டதுதான்.

அவனோடு மாண்டவன் மகபத் கான். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து தோழனுக்காகக் களத்துக்கு வந்தான் என்று கதைப்பாடல் சொல்கிறது. எதிரே நிற்பது முஸ்லிம் நவாப், பக்கத்தில் நின்று உயிர் கொடுத்தவன் முஸ்லிம் தோழன். பாடியவர்களும் கேட்டவர்களும் இதில் ஒரு முரணையும் பார்க்கவில்லை. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' வந்ததும் தெருக்கூத்து பார்க்காத நகரத்துக்காரர்களுக்கும் கதை தெரிந்துபோனது.

தேசிங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் நினைவுக்கு வருகிறான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் சண்டை விமானம் ஓட்டியவன். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகள் அவன் கணக்கில் சேர்ந்தன. ஜூலை 22 அன்று பிரான்சு வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டான். வயது 19. எஸ்தெவெல் என்ற சிற்றூரில் அவன் கல்லறை இருக்கிறது. அதில் அவன் தாய்மொழியான வங்காளத்திலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். இரண்டு பேருமே பிறந்த மண்ணுக்கு வெகு தூரத்தில் விழுந்தவர்கள். இந்திரலாலைப் புதைத்த ஊர் அவனுக்காகப் பாடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தேசிங்கைச் செஞ்சி தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது.

2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் வரிசையில் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நல்ல செய்தி, இனிக் கூட்டம் கூடும். வருகிறவர்களிடம் சிவாஜியையும் ராஜாராமையும் சொல்லட்டும், அது முறைதான். அவர்களை அப்படியே செட்டிக்குளத்துக் கரைக்கும் கூட்டிப்போக வேண்டும். அந்த மேடை எது, அந்தப் பையன் யார், உடன் விழுந்த மகபத் கான் யார் என்று மூன்றையும் தமிழில் எழுதி அங்கே ஒரு பலகை வைக்க வேண்டும்.