மேளம் முகப்பில், வீணை வளவில்

காரைக்குடிக்குப் போய் வருகிறவர்கள் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியும் கண்டாங்கிச் சேலையைப் பற்றியும் பலகாரத்தைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். நான் சொல்லப் போவது அந்த ஊர்க் கல்யாண வரவேற்பில் காதால் கேட்டதைப் பற்றி. வீட்டில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, "வரவேற்புக்கு யாரை வாசிக்க வைப்பது, யாரைப் பாட வைப்பது?" என்று தவிக்கும் சகோதரிகளுக்கு இது உதவும்.

சிநேகிதி வீட்டுப் பெண்ணின் கல்யாணம். மாலை வரவேற்பை மண்டபத்தில் வைக்காமல், கானாடுகாத்தானில் அவர்களுடைய பூர்வீக வீட்டிலேயே வைத்திருந்தார்கள். காரைக்குடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். தெருவே கோட்டைத் தெருபோல இருக்கிறது. முன்வாசலில் நின்றால் பின்கட்டு அடுத்த தெருவில் முடிகிறது! பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போய்த் தொழில் செய்தவர்கள், பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டு வந்து கட்டிய வீடுகள். இன்று பல வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம் என்றால்தான் கதவு திறக்கிறது, சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பங்காளிகள் வந்து சேருகிறார்கள்.

வீடே சொல்லும் ஒழுங்கு

இந்த வீடுகளின் அமைப்பைப் பாருங்களேன். முதலில் முகப்பு, அதாவது பெரிய திண்ணைகள். அதைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. நாகஸ்வரக்காரர்கள் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தார்கள். மைக்கே இல்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்டது! வீட்டுக்குள்ளே வர வர அதே மேளம் இதமாகிவிட்டது. வளவில் ஒரு பெண் வீணை வாசித்தாள். இரண்டாம் கட்டில் பந்தி. அங்கே வெறும் பேச்சுச் சத்தமும் சிரிப்பும்தான்.

அந்த வீட்டு ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "மேளம் ஊருக்குச் சொல்றதுக்கு. வீணை வந்தவுகளுக்கு. சாப்பிடுற இடத்துல பாட்டு எதுக்கு? என்ன வேணும்னு கேட்டுப் பரிமாற வேண்டாமா?" என்றார்கள். எவ்வளவு சரி!

இதே மாதத்தில் இன்னொரு வரவேற்புக்கும் போயிருந்தேன். ஊரையும் மண்டபத்தையும் சொல்ல வேண்டாம். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரப் பெட்டிகள். வயதான பாட்டி ஒருத்தர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். கைக்குழந்தை வீறிட்டு அழுதது. பத்து வருஷம் கழித்துப் பார்த்த சித்தி மகளிடம் நான் பேசியதெல்லாம் கைஜாடைதான். செலவுக்குக் குறைவில்லை. ஆனால் உறவு பேசிக்கொள்ள ஒரு மூலை இல்லை.

மண்ணுக்கே உள்ள இசை

செட்டிநாட்டுக்கு இசை புதிதல்ல. காரைக்குடி சகோதரர்கள் என்று பெயர் பெற்ற வீணை வித்வான்கள் சுப்பராம ஐயரும் (1883–1936) சாம்பசிவ ஐயரும் (1888–1958) இந்த ஊர்ப் பெயரைத்தான் உலகுக்குக் கொண்டு போனார்கள். அண்ணன் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்து வாசிப்பாராம். தம்பிக்கு 1952-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. மிருதங்கத்தில் காரைக்குடி மணி (1945–2023) பெயரைக் கேள்விப்படாதவர் உண்டா?

கானாடுகாத்தான்காரரான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், மேடையில் தமிழ்ப் பாட்டுக்கும் இடம் வேண்டும் என்று 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். காரைக்குடியில் 1907-ல் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கிப் படத்துறைக்கு வந்தவர். யுத்த காலத்துக்குப் பின் காரைக்குடியிலேயே ஸ்டுடியோ போட்டு எடுத்த படம்தான் 1947-ல் வந்த 'நாம் இருவர்'.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். கல்யாண வீட்டில் இன்றும் கட்டாயம் ஒலிக்கும் இரண்டு சினிமாப் பாட்டுகள்: தோழியை மணப்பந்தலுக்கு அழைப்பதாக எல்.ஆர். ஈஸ்வரி பாடிய 'பாசமலர்' (1961) பாட்டு ஒன்று, மருமகளைப் புகுந்த வீட்டுக்கு வரவேற்கும் 'சாரதா' (1962) பாட்டு ஒன்று. முதலாவதை எழுதியவர் கண்ணதாசன், இரண்டாவதை எழுதியவர் பஞ்சு அருணாசலம். இரண்டு பேருமே திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர்கள்! ஒரே சின்ன கிராமம் தமிழ்நாட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் பாட்டுக் கொடுத்திருக்கிறது.

நம் வீட்டு வரவேற்புக்கு

எல்லாருக்கும் வளவு வைத்த வீடு இருக்குமா? இருக்காது. மண்டபம்தான் கதி. ஆனால் அந்த ஒழுங்கை மண்டபத்திலும் கொண்டு வரலாம். முதலில், எவ்வளவு பணம் என்பதற்கு முன்னால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

1. மாலை 6 முதல் 7 வரை நாகஸ்வரம், வாசலில். அதற்கு மைக் வேண்டவே வேண்டாம். உள்ளே மேடையில் உட்கார வைத்து மைக்கும் கொடுத்தால் முன்வரிசைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்.

2. 7 முதல் 8.30 வரை வீணை, புல்லாங்குழல், வயலின் போன்றவை. விருந்தினர் மேடையேறி வாழ்த்தும் நேரம் இது. பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் சத்தம் அதிகம்.

3. 8.30 முதல் 9.30 வரை இளசுகளின் ஆசைக்கு மெல்லிசைக் குழு. பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, ராகத்தை மட்டும் பார்க்காமல் பாட்டின் பொருளையும் பாருங்கள். மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று பிரிவுச் சோகப் பாட்டைப் பாடிவிடுகிறார்கள்!

4. சாப்பாட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கி வைக்காதீர்கள். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள் வந்து உட்கார அதுவே நிம்மதியான இடம்.

5. பளபளக்கும் தரையும் வழவழப்பான சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஜமுக்காளம், திரைச்சீலை, பூப்பந்தல் இருந்தால் கொஞ்சம் அடங்கும். இரண்டு பெரிய பெட்டிகளை அலற விடுவதை விட, சின்னப் பெட்டிகள் நாலைந்தைப் பரவலாக வைத்து மெதுவாக ஒலிக்கச் செய்வது மேல்.

குழந்தையின் காது

இளம் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கே 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் எல்லை என்று தொழிற்கூடங்களுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்! பெட்டிக்குப் பக்கத்தில் அந்த அளவை எளிதாகத் தொட்டுவிடும். காதில் பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அது அவ்வளவாகத் தடுக்காது. பெட்டியை விட்டு தூரமாக உட்காருங்கள். குழந்தைகளுக்கென்றே காதை மூடும் உறைகள் விற்கிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பின்னும் காதில் 'கொய்ங்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால், சத்தம் மீறிவிட்டது என்று அர்த்தம்.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, அனுமதி வாங்காமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் வைக்கவே கூடாது. தெருவில் பந்தல் போடுகிறவர்கள் 9.30-க்கே முடிப்பதாகத் திட்டமிட்டால் கடைசி நேரச் சங்கடம் இல்லை.

வாசிப்பவரும் விருந்தாளிதான்

கானாடுகாத்தான் வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. வாசிக்கத் தொடங்குமுன்பே கலைஞர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்டுவிட்டார்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைக் கொடுப்பதில்லை. சம்பளத்தைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார்கள். முன்பணம், நேரம், போக்குவரத்து எல்லாம் முன்பே பேசிக்கொண்டதால் முடிவில் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

வந்தவர்கள் பாதிப் பேர் கிளம்பிய பிறகு வீட்டு ஆச்சிமாரில் மூத்தவர் ஒருத்தர் தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடியே ஒரு தாலாட்டுப் பாடினார். தாய்மாமன் சீரையும் கப்பலேறிப் போன கதையையும் சொல்லும் பாட்டு. மைக் இல்லை, சுருதிப் பெட்டி இல்லை. சிங்கப்பூர்ப் பேரப்பிள்ளைகள் செல்போனை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்கள். உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த அத்தையோ அப்பத்தாவோ இருப்பார்கள். நிகழ்ச்சிப் பட்டியலில் அவர்களுக்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி வையுங்கள்.