கண்ணில்லாத புயல்

மட்டக்களப்பு வாவிக்கரைச் சிற்றூரொன்றிற் பிறந்து, புவியியல் கற்பித்து ஓய்வுபெற்று, கண்டியை அடுத்த மலைச்சரிவொன்றில் வாழும் ஆசிரியர் ஒருவருக்குச் சூறாவளி என்றதும் நினைவில் எழுவது காற்றன்று. காற்று நின்றுபோன சிறுபொழுதே. 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு, ஓடுகள் பறந்து தென்னைகள் முறிந்துகொண்டிருந்த வேளையில் ஓசையெல்லாம் திடீரென அடங்கிற்று. முற்றத்தில் இறங்கிய சிறுவன் தலைக்கு மேலே விண்மீன்களைக் கண்டான். தந்தையார் அவனை உள்ளே இழுத்துக் கதவை அடைத்த சற்று நேரத்திற் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி வந்தது.

அவ்வமைதியின் காரணத்தைப் பின்னாளிற் பேராதனையிற் கற்றார். தாழமுக்க மையத்தை நோக்கி விரையும் ஈரக்காற்று, நெருங்க நெருங்கச் சுழற்சி மிகுதலால் மையத்தை எய்தமாட்டாது, அதனைச் சூழ்ந்து வளையமாக மேலெழுகின்றது. இவ்வளையமே கண்சுவர், கடுங்காற்றும் பெருமழையும் குடிகொண்ட இடம். மேலே சென்ற காற்றின் ஒரு பகுதி நடுவே மெல்லக் கீழிறங்கும். இறங்குங்கால் அழுத்தப்பட்டு வெப்பமுறுதலால் முகில்கள் கலையும். பெரும்பாலும் 30 முதல் 60 கிலோமீற்றர் வரை அகன்ற அவ்வெளியே கண். முழுச் சூறாவளியிலும் வளியமுக்கம் மிகக் குறைந்த இடம் அமைதியான இவ்விடமே என்பதை மாணவர்க்கு உணர்த்த அவர் ஆண்டுதோறும் பட்ட பாடு சிறிதன்று.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ இலங்கையை அணுகியபோது அவர் செய்மதிப் படத்தை உற்று நோக்கினார். கண் இல்லை, 1978இன் காற்றோடு ஒப்பிடத்தக்க வேகமும் இல்லை. கீழ்வீட்டுப் பெண்மணி வந்து, “சேர், வீட்ட விட்டுப் போகத்தான் வேணுமா?” என்று கேட்டார். “பயப்படாதீங்க தங்கச்சி, இது வலுக்குறைந்த புயல்” என்றார் ஆசிரியர்.

காற்றைப் பொறுத்தவரை அக்கூற்றிற் பிழையில்லை. ஆனால், மழைக்குக் கண் வேண்டியதில்லை. மெல்ல நகர்ந்த அப்புயல் கடலீரத்தை அள்ளிவந்து மத்திய மலைகளின்மீது மோதவிட்டது; மலை ஏறிய காற்று குளிர்ந்து ஓயாது பொழிந்தது. பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நீர் ஊறிய மண் தன் பிடியை இழந்தது. மகாவலி கரைமீறிக் கம்பளை நகருட் புகுந்தது. நாடெங்கும் மாண்டோர் 600க்கும் அதிகம். அவருட் பெருந்தொகையினர் கண்டி மாவட்டத்தவர்.

அன்று மாலை, சமையலறைக்குப் பின்னால் எப்போதும் தெளிந்து ஓடும் ஊற்று செந்நிறமாகக் கலங்கியதை அப்பெண்மணி கண்டார். செய்மதிப் படத்தை அவர் பார்த்தவரல்லர். பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு பாடசாலைக்குப் புறப்பட்டவர், போகும் வழியில் ஆசிரியரின் கதவையும் தட்டினார். “தண்ணி கலங்கிருச்சு, சேர். வாங்க.” ஆசிரியர் வாதாடவில்லை, மின்சூளை எடுத்துக்கொண்டு பின்னே சென்றார். விடியுமுன் சரிவு இறங்கிற்று. கீழ்வீடு முழுவதும், அவருடைய புத்தக அறையும் மண்ணுட் போயின.

மறுநாள் பாடசாலையிற் பிள்ளைகள் புயற்கதை கேட்டனர். மட்டக்களப்பு விண்மீன்களைச் சொல்லத் தொடங்கியவர் இடையில் நிறுத்தி, ஊற்று எந்நேரம், எந்நிறமாகக் கலங்கிற்று என்று அப்பெண்மணியையே சொல்லச் சொன்னார்.