பெயர் கேட்கும் வழி

‘நெட் இல்ல சேர்’ என்பார்கள். கல்லடியிலிருந்து வந்தாலும் காத்தான்குடியிலிருந்து வந்தாலும் முறைப்பாடு அதே வசனம்தான். மட்டக்களப்பில் லினக்ஸ் சேர்வர்களைப் பராமரிக்கும் நான் அதை அப்படியே நம்புவதில்லை. முதலில் 8.8.8.8 என்ற இலக்கத்துக்கு பிங் அடிப்பேன். இலக்கத்துக்குப் போய், பெயருக்குப் போகாவிட்டால் லைனில் பிழையில்லை. பெயரை இலக்கமாக்கும் இடத்தில்தான் வில்லங்கம்.

புளியந்தீவில் ஓர் அலுவலகம். எதைத் திறந்தாலும் தயங்கித்தான் திறக்கும். ‘லைன் ஸ்லோ’ என்று முடிவுகட்டிப் புது 4ஜி ரவுட்டரும் வாங்கிவிட்டார்கள். தயக்கத்தை அளந்தேன்: ஒவ்வொரு தடவையும் 5 செக்கன். லைன் மந்தமென்றால் தாமதம் கூடிக் குறையும். இப்படி மாறாமல் நிற்காது. பெயர்களை எந்த நேம்சேர்வரிடம் கேட்பது என்று சொல்லும் ரிசோல்வ்.கொன்ஃப் ஃபைலைத் திறந்தால் முதல் நேம்சேர்வராகக் கழற்றி எறிந்த ஒரு ரவுட்டரின் முகவரி! லினக்ஸ் அதனிடம் கேட்டு, வழமையான 5 செக்கன் காத்திருந்து, பிறகுதான் இரண்டாவதிடம் போகிறது. அந்த வரியை அழித்ததும் சரி. புதிய லினக்ஸ்கள் பலவற்றில் இப்படிக் கையால் திருத்திப் பயனில்லை. அந்த ஃபைலை எழுதுவதே வேறொரு நிரல். அங்கே 127.0.0.53 என்று மட்டும் கண்டால் ‘ரிசோல்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ அடித்துத்தான் உண்மையான நேம்சேர்வரை அறியலாம்.

புதிதாக வரும் தம்பிமார் எடுத்த எடுப்பில் ‘டிக்’ அடிப்பார்கள். அது சரியான விடை தரும். பிங்கோ பெயரே தெரியாது என்று அடம்பிடிக்கும். டிக், பெயரை இலக்கமாக்கும் டிஎன்எஸ்ஸை நேரே கேட்கிறது. பிங் முதலான நிரல்கள் என்எஸ்ஸ்விட்ச் ஃபைலில் உள்ள வரிசைப்படி கேட்கின்றன. அதே வழியில் கேட்பது ‘கெட்என்ட்’; என் கை முதலில் அதற்குத்தான் போகும். பிரவுசரைச் சாட்சிக்குக் கூப்பிடுவதேயில்லை. இப்போதைய பிரவுசர்கள் சில தமக்கென்று தனி டிஎன்எஸ் வைத்திருக்கின்றன. 2010இல் வந்த .இலங்கை முகவரிகளில் இன்னொரு சிக்கல்: நாம் தமிழில் அடிப்பது டிஎன்எஸ்ஸுக்கு எக்ஸ்என் என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாகப் போகவேண்டும். சில கருவிகள் மாற்றும், சில மாற்றா.

என்எஸ்ஸ்விட்ச் வரிசையில் டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் பெயர்களையும் அவற்றின் இலக்கங்களையும் எழுதிவைத்த ஹோஸ்ட்ஸ் ஃபைல். ஒரு காலத்தில் வலையமைப்பு முழுவதற்கும் ஒரே ஹோஸ்ட்ஸ் பட்டியல்தான். அதைக் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்ட் ஆய்வு நிறுவனத்தில் பேணினார்கள். அது கட்டுக்கடங்காமல் போகவே 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பட்டியல் போனாலும் அந்த ஃபைல் ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் தங்கிவிட்டது, அதிகாரத்தோடு. எவரோ சோதனைக்கு எழுதி மறந்த ஒரு வரி, வெளியே சேர்வர் இடம் மாறிய பிறகும் பழைய இலக்கத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். நான் கண்ட விசித்திரக் கோளாறுகளில் பாதி இந்த வகைதான். ஹோஸ்ட்ஸில் வரி சேர்ப்பவர்களே, பக்கத்தில் ஒரு # போட்டு, ஏன் சேர்த்தீர்கள், எப்போது எடுக்கலாம் என்றும் எழுதிவிடுங்கள்.