அம்மா தின்ற பூ

அப்பா 1998-இல் இறந்தார். பத்தாம் நாள் அம்மாவின் தலை கொள்ளாமல் மல்லிகைப்பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். எனக்குப் பதினைந்து வயது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் பூக்கட்டிப் பிழைத்தவர்கள். அம்மாவும்தான். (மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டியபோது சிரித்தாள்.) அப்பா போன மறுமாதமே மொட்டுக் கூடை வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் கட்டிய சரத்தை வாங்கிப் போக யாருக்கும் தயக்கமில்லை. அதில் ஒரு கண்ணி அவள் தலைக்கு ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த ஐப்பசி மழையில், பக்கத்து வீட்டுச் செம்பருத்தியிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி ஒடித்து வந்து பழைய பெயின்ட் வாளியில் நட்டாள். ஐந்திதழ் சிவப்பு. முதல் பூ விரிந்த காலையில் அது சாமிக்குப் போகும் என்று நினைத்தேன். அம்மா அடியிலிருந்த பச்சையைக் கிள்ளினாள். நடுவில் நீட்டிக்கொண்டிருந்த மகரந்தத் தண்டை உருவிப் போட்டாள். இதழ்களை வாயில் போட்டு மென்றாள்.

“தலையில வைக்கத்தானே கூடாது. திங்கக் கூடாதுன்னு எவளும் சொல்லலையே.”

எனக்கும் ஓர் இதழ் தந்தாள். வழவழவென்று இருந்தது. ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை.

என் கல்யாணத்துப் பூ முழுவதையும் அவள்தான் கட்டினாள். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துச் சமையற்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் கூப்பிடவில்லை. யாரோ தடுத்துவிட்டார்கள் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் தடுக்கவில்லை.

அந்தச் செடியின் குச்சிதான் இப்போது என் மொட்டைமாடியில் வளர்கிறது. வெயில் போதாவிட்டால் பூ குறையும். வேர் காய்ந்தாலும் தண்ணீர் தேங்கினாலும் வைத்த மொட்டை உதிர்த்துவிடும். பெரிய தொல்லை மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஏறினாலே இலையைத் திருப்பிப் பார்த்துவிடுவேன். அந்தப் பூச்சி சுரக்கும் இனிப்புக்குத்தான் எறும்பு வரும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து தெளிப்பேன். அந்த வாரம் பூவைத் தின்பதில்லை. நர்சரிச் செடி என்றால் புதிதாகத் துளிர்த்துப் பூக்கும்வரை வாயில் வைக்காதீர்கள், என்ன மருந்து அடித்தார்களோ. கிளையை வெட்ட எனக்குக் கை வராது. புதுக் கிளையில்தான் பூக்கும் என்று அம்மா இரக்கமில்லாமல் வெட்டிவிடுவாள்.

இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள். காலையில் இதழ்களை வெந்நீரில் போட்டு மூடிவைப்பேன். கருஞ்சிவப்பாக இறங்கும் சாற்றில் எலுமிச்சை பிழிந்ததும் பளீரென்று சிவக்கும். அதைப் பார்ப்பதற்காகவே அடுப்படிக்கு வந்து நிற்பாள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு முழம் மல்லி வாங்கி வந்திருந்தேன். பாதியைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, “வச்சு விடட்டுமாம்மா?” என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“செடியில எறும்பு ஏறுது. முதல்ல அதைப் பாரு” என்றாள்.